குளிர்ச் சுருள்

சமையலறை மூலையில் நிற்கும் உருளைக்குள் இருப்பதற்கும், காரின் முன்மூடிக்குக் கீழே குழாய்களில் ஓடுவதற்கும் நம்மவர் வீடுகளில் ஒரே பெயர்தான் வழங்குகிறது. அது 'கேஸ்'. உருளையில் உள்ளது எரிந்து தீரும். தீர்ந்ததும் கடைக்குச் சொல்லி அனுப்பினால் வேறோர் உருளை வந்து சேரும். இதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் காருக்கும் தாவிவிட்டது. உள்ளே குளிர் குறைந்தால், "கேஸ் முடிஞ்சிருச்சு" என்கின்றனர். பட்டறைக்குச் சென்று, "கேஸ் அடிச்சு விடுங்க" என்கின்றனர். அடித்தும் விடுகின்றனர். கற்றவர் சிலர் ஒரு படி மேலே சென்று, அதைத் தமிழ்ப்படுத்துவதாக எண்ணி 'எரிவாயு' என்று எழுதியும் விடுவர். எரியாத பொருளுக்கு எரிவாயு என்று பெயர்!

காரின் குளிர்சாதனத்தில் ஓடும் வாயு பெட்ரோலைப் போல் செலவாவதன்று. அஃது உடம்பில் ஓடும் குருதியைப் போன்றது. மூடிய குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி வருவதே அதன் வேலை. குருதி குறைந்தவனைக் கண்டால், 'இரத்தம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஊற்றுங்கள்' என்று எவரும் சொல்வதில்லை. காயம் எங்கே என்றுதான் முதலில் தேடுகின்றனர். வாயு குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையை விட்டுவிட்டு வாயுவை ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு வைப்பதே ஆகும். குடத்து நீராவது தரையை நனைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதுவோ கண்ணுக்குத் தெரியாது. மணமும் பெரிதாகத் தெரியாது.

மலாக்காவிலிருந்து மூவார் நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையில், உம்பாயைத் தாண்டி மெர்லிமாவை அடையும் முன் வருவது செர்காம். ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. கரையோரம் சுட்ட மீன் விற்கும் உணவுக்கடைகள். உள்ளே செல்லச் செல்லச் செம்பனையும் எஞ்சிய ரப்பரும். இதே மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான் தான் சே யான் 1896இல் ரப்பரை நட்டுத் தோட்டத் தொழிலுக்கு வழிகாட்டினார். அதன் பின்னர் வந்த தோட்டங்களில், விடியலுக்கு முன் எழுந்து, வெயில் ஏறும் முன் மரம் சீவி முடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கார் ஓட்டுகின்றனர். பாட்டனாருக்கு மரநிழல் போதுமாயிருந்தது; பேரனுக்குக் குளிர்சாதனம் வேண்டியிருக்கிறது என்று சிலர் நையாண்டி பேசுவர். தார்ச்சாலையில், கண்ணாடி அடைத்த இரும்புப் பெட்டிக்குள் நண்பகலில் அமர்ந்து பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார்.

இவ்வட்டாரத்தில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலற்றுப் போயின. வாரத்திற்கு மூன்று நாள், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலாக்கா நகருக்குச் சென்று குருதியைச் சுத்திகரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். காலையில் போவது எளிது. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்துவிட்டு, உச்சிவெயிலில் திரும்புவதுதான் கொடுமை. உடல் துவளும், தலை சுற்றும், தாகம் எடுக்கும். ஆனால் அந்நோயாளி விரும்பிய அளவு நீர் அருந்த இயலாது. நாளொன்றுக்கு இத்தனை குவளை என்று மருத்துவர் அளந்து கொடுத்திருப்பார். வெயில் தாகத்தை வளர்க்கும். தாகம் கட்டுப்பாட்டைக் குலைக்கும். குலைந்த கட்டுப்பாடு மறுநாள் காலில் வீக்கமாகவும் மார்பில் மூச்சுத் திணறலாகவும் வெளிப்படும். அந்த அம்மையாருக்குக் காரின் குளிர் சொகுசன்று. மருந்தின் ஒரு பகுதி.

இருபது ஆண்டுகளைக் கடந்த அவர்களது சிறு காரில் குளிர் குறையத் தொடங்கியது. ஓராண்டில் மூன்று முறை வழியிலிருந்த பட்டறைகளில் வாயு ஏற்றினார் ஆசிரியர். ஒவ்வொரு முறையும் குளிர் திரும்பியது. ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் மறைந்தது. நான்காம் முறை போனபோதுதான் செர்காம் சாலையோரத்துப் பட்டறைக்காரர் ஒருவர், ஊற்ற மறுத்தார்.

"ஐயா, இப்ப ஊத்தினா உங்க காசு காத்துலதான் போகும். எங்க ஒழுகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேனே" என்றார் அவர்.

காசு தர ஒருவர் முன்வரும்போது வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு தொழிலாளிக்கு எத்தகைய துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாயு ஏற்றுவது அரைமணி நேர வேலை. ஓட்டையைத் தேடுவதோ அரைநாள் வேலை; கிடைக்காமலும் போகலாம். தேடியதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிப்பவரே மிகுதி. ஊற்றிவிடும் வழக்கம் வேரூன்றியதற்குப் பட்டறைக்காரர் மட்டும் காரணம் அல்லர், வாடிக்கையாளரும் உடந்தையே.

அந்தப் பட்டறைக்காரர் தோட்டத்துப் பிள்ளை. அதே ஆசிரியரிடம் தொடக்கப்பள்ளியில் பயின்றவர். படிப்பு இடையில் நின்றதும், மலாக்காவில் ஒரு சீனர் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, கருவிகளை எடுத்துக் கொடுத்தே தொழிலைக் கற்றவர். பின்னர் வகுப்புக்குச் சென்று சான்றிதழும் பெற்றார். இப்பட்டறையில் இன்று அவருக்கும் ஒரு கையாள் இருக்கிறான். அவனும் தோட்டத்துப் பிள்ளையே.

முதலில் முன்மூடியைத் திறந்து, குழாய்கள் இணையும் இடங்களில் சோப்பு நுரையைத் தடவினார். குமிழ் எழவில்லை. கடற்காற்றின் உப்பு முன்னால் நிற்கும் கண்டென்சரை அரித்திருக்கலாம் என்று அதையும் ஆராய்ந்தார். அதுவும் நலமாகவே இருந்தது. பிறகு காரின் அடிப்பக்கம் குனிந்து, நீர் சொட்டும் சிறு குழாயின் வாயருகே கசிவுகாட்டும் கருவியை நீட்டினார். கருவி கீச்சிட்டது. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. உள்ளே கசிந்தால் தாழ்ந்து, நீர் வடியும் வழியாகவே வெளியேறும். ஓட்டை, முன்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 'கூலிங் காயில்' எனப்படும் குளிர்ச் சுருளில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

இச்சுருளின் வேலை யாது? தமிழாசிரியருக்கு இதைப் பட்டறைக்காரர் விளக்கிய முறை சுவையானது. "ஐயா, நீங்கதான் எங்க கையில ஒரு சொட்டு ஸ்பிரிட்டை விட்டு ஊதச் சொன்னீங்க. சில்லுன்னு இருந்துச்சு. ஆவியாகுற பொருள் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும்னு சொன்னீங்களே, அதுதான் இது" என்றார். மண்பானை நீர் குளிர்வதும், வியர்த்த உடம்பில் காற்றுப்பட்டதும் சிலிர்ப்பதும் இதே விதியால்தான். பானையில் ஆவியான நீர் வானத்திற்குப் போய்விடும். காரிலோ அந்த ஆவியைத் திரும்பப் பிடித்து, மீண்டும் திரவமாக்கி, மீண்டும் ஆவியாக்குகிறார்கள். இன்றைய பெரும்பாலான பழைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்னும் பொருள், திறந்த வெளியில் சுழிக்குக் கீழ் 26 பாகையிலேயே கொதித்துவிடும். இயந்திரத்தோடு சுழலும் கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றுகிறது. முன்னால் நிற்கும் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாக்குகிறது. பிறகு ஊசித் துளை போன்ற ஒரு வால்வின் வழியே அத்திரவம் பீய்ச்சப்படும்போது அழுத்தம் சட்டென்று தணிகிறது. சுருளுக்குள் அது கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் சுழலும் காற்றிலிருந்து பறித்துக்கொள்கிறது. கொதிப்பதால் குளிர் பிறக்கிறது என்று சொன்னால் மாணவர் நகைப்பர். உண்மை அதுதான்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். கம்ப்ரசரை அழுத்தி என்றும், சுருளை ஆவியாக்கி என்றும் வழங்கலாம், பொருள் விளங்கும். கண்டென்சரை மட்டும் அகராதி பார்த்து 'மின்தேக்கி' என்று எழுதிவிடக் கூடாது. அது மின்சாரக் கருவியொன்றின் பெயர். வகுப்பறையில் இச்சொற்களைப் புழங்குவது நன்று. மெர்லிமாவில் உள்ள உதிரிப்பொருள் கடையில் நின்று 'ஆவியாக்கி ஒன்று கொடுங்கள்' என்று கேட்டால், கடைக்காரர் தலையைச் சொறிவார் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சுருளை மாற்றுவது எளிதன்று. சில வண்டிகளில் இருக்கைக்கு முன்னுள்ள பெட்டியைக் கழற்றினால் போதும். சுருள் கைக்கு எட்டும். வேறு சிலவற்றில் முன்பலகை முழுவதையும் பிரித்தெடுக்க வேண்டும். ஆசிரியரின் கார் இரண்டாம் வகை. முதலில் எஞ்சிய வாயுவைக் காற்றில் விடாமல் மீட்புக் கருவியால் உறிஞ்சி உருளையில் சேர்த்தனர். பிறகு ஒவ்வொரு திருகாணியாகக் கழன்றது. கையாள் பையன் அவற்றைப் பழைய முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாக இட்டான். எந்தக் குழியில் எந்த இடத்துத் திருகாணி என்பது அவனுக்குத் தெரியும், கேட்டால் சொல்லமாட்டான்.

நண்பகலில் சுருள் வெளியே வந்தது. சுருள் என்பது பெயருக்குத்தான். பார்வைக்கு அது மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு சிறு பெட்டி. தகடுகளுக்கிடையே தூசும், மட்கிய இலைத்துணுக்கும், பூஞ்சையும் அப்பிக் கிடந்தன. ஈரம் என்றும் உலராத இடம் அது. நம் நாட்டுக் காற்றில் நீராவி மிகுதி. அது சுருளில் பட்டுக் குளிர்ந்து நீராகிச் சொட்டுகிறது. நிறுத்தி வைத்த காரின் அடியில் காணும் சிறு குட்டை அதுவே. அந்த ஈரத்தோடு அழுக்கும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அலுமினியத்தை அரித்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் அழுக்கு எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தது. வாயுவோடு கம்ப்ரசரின் எண்ணெயும் சுற்றிவரும். வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். எண்ணெயில் தூசு ஒட்டும். அந்தக் கறுப்புக்குப் பின்னால் குண்டூசி முனையளவு கூட இல்லாத துளை இருந்தது. மூன்று முறை கொடுத்த பணமும் அதன் வழியேதான் போயிருந்தது.

போனது பணம் மட்டும் என்றால் இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. குளிர்சாதனத் தொழிலின் தொடக்க நாள்களில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. கசிந்தால் உயிரைப் பறித்தன. அமெரிக்க வேதியியலார் தாமஸ் மிட்ஜ்லியும் அவரோடு உழைத்தோரும் நச்சற்ற, எரியாத ஒரு பொருளைக் கண்டனர். 1930இல் அறிஞர் அவையில் மிட்ஜ்லி அதை மூச்சில் உள்ளிழுத்து, மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சில்லை, எரிவதில்லை என்னும் இரண்டும் ஒரே மூச்சில் மெய்ப்பிக்கப்பட்டன. அப்பொருளே பின்னாளில் ஆர்-12 என்று உலகெங்கும் கார்களில் ஓடியது. எதனோடும் வினைபுரியாத அந்த நல்ல குணமே அதன் கேடாயிற்று. அழியாமல் மேலே மேலே சென்று, ஓசோன் படலத்தை அடைந்து, கதிரொளியில் சிதைந்து, அப்படலத்தை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினர். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்து கிடப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மொன்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தாயிற்று; மலேசியா 1989இல் அதில் இணைந்தது. அந்த நாளே உலக ஓசோன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது மலேசியா நாளாகவும் அமைந்திருப்பது தற்செயலே எனினும், பள்ளி மாணவர்க்குச் சொல்லத்தக்கது.

1990களில் புதிய கார்கள் ஆர்-134ஏ பொருளுக்கு மாறின. அப்போதுதான் பழைய கார்களை வைத்திருந்தோருக்குச் சோதனை வந்தது. வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. ஆர்-12 காலத்துத் தாது எண்ணெய் புதிய வாயுவோடு கலவாது. கலவாத எண்ணெய் எங்கோ தேங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு தேய்ந்து போகும். ஆகவே எண்ணெயை மாற்ற வேண்டும். உலர்த்தியை மாற்ற வேண்டும். இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களையும் புதிய வாயுவுக்கு ஏற்றவையாக மாற்ற வேண்டும். முறையாக மாற்றிய பட்டறைகள் இருந்தன. பழையதன் மேலேயே புதியதை ஊற்றியனுப்பிய பட்டறைகளும் இருந்தன. அத்தகைய கார்களின் கம்ப்ரசர்கள் நெடுநாள் உழைக்கவில்லை.

ஆர்-134ஏ ஓசோனை அழிப்பதன்று. ஆனால் அஃது உலகை வெப்பமாக்கும் ஆற்றல், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. சிறு காரொன்றில் ஏறும் அரைக் கிலோ வாயு கசிந்து போனால், ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோலை எரித்த கேட்டுக்கு அது நிகராகும். அந்தக் குண்டூசித் துளையின் வழியே ஓராண்டில் எத்தனை லிட்டர் எரிந்தது என்பதை ஆசிரியர்கள் கணக்குப் பாடத்திலேயே வைக்கலாம். இப்போது ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் வந்துள்ள ஆர்-1234ஒய்எஃப் என்னும் புதிய பொருளுக்கு இக்கேடு மிகக் குறைவு. ஆனால் அது சிறிதளவு எரியக்கூடியது. 'எரிவாயு' என்று பிழையாக எழுதியவர்கள் மெல்ல மெல்லச் சரியானவர்களாகி வருகின்றனர் போலும்!

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத உருளைகளை வாங்கும் ஆபத்தும் உண்டு. 2011இல் போலி ஆர்-134ஏ நிரப்பப்பட்ட கப்பல் குளிர்க்கொள்கலன்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்துத் தொழிலாளர் மாண்டனர். அப்போலியில் கலந்திருந்தது மெத்தில் குளோரைடு. மிட்ஜ்லியின் காலத்தில் எந்த நச்சை விரட்டினார்களோ, அதுவே பேராசையின் தோளில் ஏறித் திரும்பி வந்தது. அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் பொருளை அஃது உண்டாக்கும். ஊற்றிவிடும் வழக்கம் எங்கு மிகுதியோ, அங்குதான் இத்தகைய உருளைகளுக்கும் விற்பனை மிகுதி.

செர்காம் பட்டறையில் பிற்பகல் வேலை தொடங்கியது. புதிய சுருளோடு புதிய வால்வும் பொருத்தப்பட்டது. ரப்பர் வளையங்களைக் கம்ப்ரசர் எண்ணெயில் தோய்த்தே இட்டார் பட்டறைக்காரர். உலர்ந்த வளையம் முறுக்கும்போது கிழிந்துவிடும். இணைப்புகளை இறுக்க இரண்டு ஸ்பேனர்களை எதிரெதிராகப் பிடித்தார். ஒன்றை மட்டும் திருப்பினால் மென்மையான அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். பழைய சுருளோடு போன எண்ணெய்க்கு ஈடாகப் புதிய எண்ணெய் அளந்து விட்டார்.

உலர்த்தியை மட்டும் கடைசிவரை பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"அண்ணே, இதையும் மாட்டிடவா?" என்று கேட்டான் பையன்.

"வேணாம்டா. மூடியைத் திறந்தா காத்துல இருக்குற ஈரத்தையெல்லாம் குடிச்சுரும். அப்புறம் உள்ள போய் என்னத்தைக் குடிக்கும்?" என்றார் அவர்.

உலர்த்தி என்பது ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடங்கிய சிறு குப்பி. அது முழுதும் நனைந்துவிட்டால் உள்ளே எஞ்சும் நீர்த்துளி, வால்வின் ஊசித் துளையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். கார் சிறிது நேரம் குளிர்ந்து, திடீரென்று நின்று, மீண்டும் குளிரும் விந்தைக்கு இது ஒரு காரணம். நீர் அங்கேயே தங்கினால் வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி, உள்ளிருந்தே அரிக்கும். ஆகவேதான் வாயு ஏற்றும் முன் வெற்றிடப் பொறியை வைத்து உள்ளிருக்கும் காற்றையெல்லாம் இழுக்கின்றனர். காற்றழுத்தத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டால், நம் ஊர் வெப்பத்திலேயே நீர் கொதித்து ஆவியாகி வெளியேறும். பத்து நிமிடத்தில் முள் இறங்கிவிட்டது என்று பொறியை நிறுத்துவோர் பலர். முள் இறங்கியது காற்று போனதைத்தான் காட்டும். ஈரம் போக நேரம் வேண்டும்.

அன்று ஒரு மணி நேரம் பொறி ஓடியது. பிறகு அதை நிறுத்தி, முள் நகர்கிறதா என்று அரைமணி நேரம் காத்திருந்தனர். ஆசிரியர் பட்டறை வாயிலில் ஒரு நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தார். மறுநாள் மனைவிக்குச் சுத்திகரிப்பு நாள், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "போதாதா தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் ஐயா. அம்மா நாளைக்கு வழியில கஷ்டப்படக் கூடாதில்ல" என்று விடை வந்தது. முள் அசையவில்லை.

வாயுவைக் கண்ணளவில் ஊற்றாமல் எடைபோட்டு ஏற்றினார்கள். மிகுந்தாலும் குளிராது என்பதைப் பலர் அறியார். மிகுதி வாயு அழுத்தத்தை உயர்த்திக் கம்ப்ரசரை வருத்தும். காற்று வரும் துளையில் செருகிய வெப்பமானி 28 பாகையிலிருந்து மெல்ல இறங்கி, 7இல் நின்றது. கூலி, மூன்று முறை வாயு ஏற்றியதற்கு ஆன தொகையைவிடக் கூடுதலாகவே வந்தது. ஆசிரியர் பேரம் பேசவில்லை. பழைய சுருளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் அறைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கறுத்த மூலையைக் கழுவிவிட வேண்டாம் என்று பையனிடம் கேட்டுக்கொண்டார்.

பையன் முன்மூடியை இறக்கும் முன், அதன் உட்புறத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, அன்றைய நாளையும் அதன் கீழே ஏற்றிய எடையையும் எழுதினான்: 480 கிராம்.